போடாம பாத்தியா?

என் தலைமுடி கொட்டத் தொடங்கிய வருஷத்தில்தான் அவளைச் சந்தித்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. அதையும் அவளேதான் சோதித்துச் சொன்னாள்.

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் ஒரு ரசாயனக் கம்பெனி. ரப்பரிலும் பெயிண்டிலும் கலக்கும் சரக்குகள் செய்வார்கள். டிரம்கள் அடுக்கிய முற்றத்துக்குப் பின்னால் 'ஆராய்ச்சிப் பிரிவு' என்று பலகை மாட்டிய ஒரு நீள அறை. அதில் நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எம்.எஸ்ஸி. தங்கப் பதக்கத்தோடு வந்து சேர்ந்தேன். பதக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானே முதல் வாரத்தில் கேட் காவலர் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டேன்.

பிரிவில் மூன்று பேர். தலைவர், ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். அதனால் அவரைக் கம்பெனி முழுக்க 'டாக்டர்' என்பார்கள். மூட்டு வலிக்கு மருந்து கேட்டு அவரிடம் ஆட்கள் வருவதுண்டு. மற்ற இருவர் அவளும் நானும். அவளுக்கும் என் வயதுதான், என் படிப்புதான். ஒரு வருஷம் முன்னால் சேர்ந்திருந்தாள். வீடு ராயபுரம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா, அம்மா, அவள். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம். நாங்கள் அவளை 'மிஸ்' என்போம். அவள் என்னை 'சார்' என்பாள். ஆனால் சார் என்று ஆரம்பித்து ஒருமையில் முடிப்பாள். "இன்னா சார், துன்ட்டியா?" என்பாள். முதல் மாதம் முழுக்க, இதில் மரியாதை எந்தப் பாதியில் இருக்கிறது என்று தெரியாமல் முழித்தேன்.

காலடிப்பேட்டையில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் சிபாரிசில், வண்ணாரப்பேட்டையில் ஒரு பச்சை எண்ணெய் வாங்கித் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். முடி கொட்டுவது குறைந்துவிட்டது என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். அவள் புரெட் குழாயில் அமிலம் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அத்த போடாம பாத்தியா?"

"எப்படி மிஸ் பார்க்கிறது? போட்டால்தானே தெரியும்?"

"போட்டா இன்னா ஆச்சின்னு தெரியும். போடாங்காட்டியும் அதேதான் ஆயிருக்குமான்னு எப்டி தெரியும்? பாதி மண்டைல போடு, பாதில போடாத. பாரு."

கிண்டல் செய்கிறாள் என்று புத்தியுள்ளவன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். நான் நடு வகிடு எடுத்து, இடது பக்கம் மட்டும் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு மாதம் கம்பெனிக்குப் போனேன். இடது பக்கம் மினுமினுக்கும், வலது பக்கம் வைக்கோல் மாதிரி நிற்கும். கேண்டீனில் என்னைப் 'பாதி சார்' என்றார்கள். மாதக் கடைசியில் அவள் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, டாக்டரின் பூதக்கண்ணாடியை வாங்கி, இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் போவுது சார்" என்று தீர்ப்புச் சொன்னாள். "உனுக்கு எண்ண செலவு மிச்சம்."

அதுதான் அவள். ஒன்றைப் போட்டால் பலன் கிடைத்தது என்று யார் சொன்னாலும், அதைப் போடாமல் செய்து பார்த்தாயா என்பாள். ரசாயனக் கூடங்களில் இதற்கு பிளாங்க் என்று பெயர். சோதிக்க வேண்டிய பொருளை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்வது. படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், பரீட்சையில் எழுதுகிற விஷயம். அவள் அதை ஊறுகாய்க்கும் பல்பொடிக்கும் செய்தாள். அதற்கு அவள் வைத்த பெயர் 'சும்மா பாட்டில்'.

ஒரு கிறிஸ்துமஸுக்கு டாக்டரையும் என்னையும் வீட்டுக்கு அழைத்திருந்தாள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்ததும் நீதி கேட்க ஆள் கிடைத்த மாதிரி ஆரம்பித்துவிட்டார்.

"நீயே சொல்லு தம்பி. மீன் கொழம்புல மாங்கா போட்டா கவுச்சி அடிக்காதுன்னு நான் காலங்காலமா போட்டுகினு வரேன். கொழம்பு வெய்யிடின்னா இவ ரெண்டு சட்டி வெக்கிறா. ஒண்ணுத்துல மாங்கா, ஒண்ணுத்துல இல்ல. கொழம்பு வெக்கச் சொன்னா பரிச்ச வெச்சிகினு கீறா!"

"யாருக்குப் பரீட்சை?" என்று டாக்டர் கேட்டார்.

"எனுக்குத்தான்" என்று கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா கையைத் தூக்கினார். "கண்ண கட்டி ரெண்டு கிண்ணத்தயும் குடுத்தா. நான் ரெண்டயும் வழிச்சி நக்கிட்டேன். ரெண்டும் நல்லா கீதுன்னேன். நைனா நீ பெயிலுன்ட்டா."

இப்படிப்பட்டவள் இருக்கிற அறையில்தான் நான் உலகப் புகழ் அடையத் தீர்மானித்தேன்.

வெளிநாட்டு ஆய்வு இதழ்கள் அப்போது கப்பலில் வரும். அங்கே எல்லோரும் படித்து மறந்த பிறகு எங்களுக்குப் புத்தம் புதிதாக வந்து சேரும். அப்படி வந்த ஒன்றில், வளையம் போன்ற ஒரு மூலக்கூறைப் பற்றி டாக்டர் படித்தார். கேண்டீன் மெதுவடையைத் தூக்கிப் பிடித்து எங்களுக்கு விளக்கினார்.

"இந்த ஓட்டை இருக்கே, இதுல பொட்டாசியம் கச்சிதமா வந்து உக்காந்துக்கும். கிணத்துல போடற பர்மாங்கனேட் தண்ணியிலதான் கரையும். பென்சீன்ல கரையவே கரையாது, அடியில மணல் மாதிரி கிடக்கும். ஆனா இந்த வளையத்தைப் போட்டா, அது பொட்டாசியத்தைப் பிடிச்சு பென்சீனுக்குள்ள இழுத்துக்கும். பின்னாடியே அந்த ஊதாவும் வந்துடும். பென்சீன் ஊதாவாகும்!"

"வடைய வெச்சிடு சார், எண்ண பேப்பர்ல சொட்டுது" என்றாள் அவள்.

முதலாளிக்கு வடையில் அக்கறை இல்லை. பர்மாங்கனேட்டை பென்சீனில் கரைக்க முடிந்தால், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஒரு மருந்துச் சரக்கை இங்கேயே செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் சம்மதித்தார். மூலக்கூறுகள் வேதிப்பிணைப்பு எதுவும் இல்லாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது பின்னாளில் ஒரு தனித் துறையாக வளர்ந்தது. எங்களுக்கு அன்று அது வளைய வேலை, அவ்வளவுதான்.

வளையம் வர மறுத்தது. காய்ச்சினால் தார் வரும், பிசின் வரும், ஒருமுறை புகை வந்து பெயிண்ட் பிரிவே வெளியே ஓடியது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் குடுவையின் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி இருந்தது. அவள் இன்னும் வரவில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்க வேண்டும். ஒரு பாட்டிலில் பென்சீன் ஊற்றினேன். பர்மாங்கனேட் போட்டேன். என் பொடியைப் போட்டேன். தக்கையை இறுக்கி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குலுக்கினேன்.

பென்சீன் ஊதா ஆனது.

நான் கத்தியது முற்றத்தில் டிரம் உருட்டுகிறவர்கள் வரை கேட்டிருக்கிறது. டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என்னைக் கட்டிக்கொண்டார். முதலாளிக்குப் போன் போனது. மூன்று மணிக்கு வருகிறேன் என்றார். ஜாங்கிரி வாங்க ஆள் போனான். நான் கண்ணாடி இல்லாததால் ஜன்னலில் முகம் பார்த்து, இருந்த முடியைப் படிய வாரிக்கொண்டேன். செய்தித்தாள்காரர்கள் வந்தால் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்ற யோசனை வேறு.

அவள் பதினோரு மணிக்கு மேல் வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது, அதை நான் பார்த்தேன். பிறகு கேட்டாள்:

"போடாம பாத்தியா?"

"மிஸ், இது எண்ணெய் இல்லை. பென்சீனில் பர்மாங்கனேட் கரையாது என்று உலகத்துக்கே தெரியும்."

"ஒலகத்துக்கு தெரியும். இந்த பாட்டிலுக்கு தெரியுமா?"

பாட்டிலைக் காலி செய்து கழுவிக் காயவைத்தாள். அதே பாட்டில், அதே தக்கை, புது பென்சீன், பர்மாங்கனேட். பொடி இல்லை. கவிழ்த்துக் குலுக்கினாள். லேசான ஊதா. இன்னும் குலுக்கினாள். நல்ல ஊதா. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் மறுபடி கழுவி, பர்மாங்கனேட்டும் இல்லாமல் வெறும் பென்சீனை ஊற்றிக் குலுக்கினாள். அதுவும் ஊதா. பிறகு தக்கையைப் பிடுங்கி, அடிப்பக்கத்தைத் திருப்பி என்னிடம் காட்டினாள்.

கண்ணாடிமேல் எழுதுகிற மெழுகுப் பென்சில் ஒன்று எங்களிடம் உண்டு. ஊதா நிறம். என் பாட்டிலை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று தக்கையைச் சுற்றிலும் அடியிலும் என் இனிஷியலை அழுத்தி அழுத்தி எழுதியிருந்தேன். பென்சீன் மெழுகைக் கரைத்து, அதிலிருந்த சாயத்தை எடுத்துக்கொண்டது. நான் கண்டுபிடித்தது என் இனிஷியல்.

"அந்தப் பொடி?" என்றார் டாக்டர், நூலில் தொங்குகிறவர் மாதிரி.

அவள் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். உடனே கரைந்துபோனது. "வளையம் தண்ணில கரையாது. இது சரியா கழுவாத உப்பு சார்."

மூன்று மணிக்கு முதலாளி, மைத்துனரோடு வந்தார். ஜாங்கிரி மேஜைமேல் இருந்தது. டாக்டருக்கு வாய் வரவில்லை. எனக்கு வந்தது, ஆனால் அதிலிருந்து வந்தது, "முதல் கட்டத்தில் சில முரண்பட்ட அறிகுறிகள்" என்பது போன்ற ஏதோ ஒன்று. அவள் முன்னால் வந்து நின்றாள்.

"சார், இன்னும் வரல. வந்துச்சுன்னு நெனச்சோம். வரல."

"அப்ப அந்த பாட்டில்ல இருக்கறது என்ன?"

"பென்சில் சார்."

முதலாளியின் மைத்துனர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. "பொங்கல் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள வரலன்னா இந்த ரூமை ஸ்டோருக்கு விட்டுடுவேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஒரு ஜாங்கிரியை எடுத்துக்கொண்டு போனார். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவள் மிச்ச ஜாங்கிரியை எனக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். "துன்னு சார். இதுக்கு பிளாங்க் வேணாம், இனிப்பா கீது."

அதற்குப் பிறகுதான் இருவரும் ஒழுங்காகச் சேர்ந்து வேலை செய்தோம். நான் காய்ச்சுவேன், அவள் கழுவுவாள். என் வேலையைச் சந்தேகப்படுவது அவள் வேலை. அதை அவள் சந்தோஷமாகச் செய்தாள். ஐப்பசியில் என் தங்கைக்குக் கல்யாணம். பத்து நாள் ஊருக்குப் போனேன். பந்தியில் நிற்கும்போது, அந்த அறையில் இந்நேரம் என்ன நடக்கும் என்று யோசித்தேன். வளையத்தைப் பற்றித்தான் யோசிக்கிறேன் என்று என்னை நானே நம்ப வைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் வேலைக்கு வரவில்லை. அப்பாவுக்கு உடம்பு மோசம் என்றார் டாக்டர். மழையில் ராயபுரம் போனேன். கிரேனில் இருந்த காலத்தில் நிலக்கரித் தூசி குடித்த நெஞ்சு. மழைக்காலத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. கட்டில் பக்கத்து ஸ்டூலில் இடமே இல்லை. ஆஸ்பத்திரி மாத்திரை, மருந்துக்கடை டானிக், நண்டு ரசம், மாதா கோயில் எண்ணெய், அடுத்த தெருவிலிருந்து கறிக்கடை பாய் ஓதி அனுப்பிய கறுப்புக் கயிறு, நொச்சி இலை ஆவி பிடிக்கிற பானை. அவள் அப்பாவின் நெஞ்சில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சும்மா இருக்கத் தெரியாத எனக்கு, சூழ்நிலையை லேசாக்க வேண்டும் என்று தோன்றியது.

"மிஸ், இதில் எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டுச் சிரித்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. நான்கு நாள் தூங்காத கண்கள்.

"தெரியாது சார். எல்லாத்தயும் போட்டுட்டேன். ஒண்ண எடுத்துட்டு பாக்க எனுக்கு தெம்பு இல்ல."

அம்மா எனக்கு டீயும் பன்னும் கொண்டுவந்து வைத்தார். பன்னை டீயில் நனைத்துக்கொண்டே இருந்தேன். அப்பா மறுவாரம் எழுந்து உட்கார்ந்தார். எதனால் என்று அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

மார்கழியில் வளையம் வந்தது. பொடியாக வரவில்லை, பட்டு நூலைப் பிய்த்துப்போட்ட மாதிரி வெள்ளை இழை இழையாக வடிதாளில் கிடந்தது. கை தவறினால் மூச்சுக் காற்றில் பறக்கும். இந்த முறை நான் கத்தவில்லை. கண்ணாடி மூடி போட்ட இரண்டு பாட்டில்களை எடுத்தேன். எழுத எதையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி நின்றேன். அவள் நிரப்பினாள். இரண்டிலும் பென்சீன், பர்மாங்கனேட். ஒன்றில் மட்டும் அந்த இழை. அவள் ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். எது எது என்று எனக்குச் சொல்லவில்லை. குலுக்கினோம்.

என் கையில் இருந்தது ஊதா ஆனது. கத்தரிப்பூவின் ஊதா. மேல் வரைக்கும் ஒரே சீராக, நிமிஷத்தில். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் சத்தமே இல்லை என்று திரும்பினால், அவள் தன் பாட்டிலை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் பர்மாங்கனேட் அடியில் கிடந்தது. மேலே பென்சீன் வெறும் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. அவள் கண்ணில் நீர்.

"இத்த பாரு சார்" என்றாள். "எவ்ளோ அயகா ஒண்ணுமே ஆவாம கீது!"

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அதாவது, பந்தியில் நின்றபோது வளையத்தைப் பற்றி யோசிக்கவில்லை என்ற விஷயம்.

மறுநாள் கேண்டீன் வாசலில் அவளிடம் அதைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது வேண்டாம். என் தங்கப் பதக்கமும் அதில் ஓரிடத்தில் வந்தது. அவள் கேலி செய்யவில்லை.

"நீ ஊருக்கு போயிருந்தியே, அப்ப பேஜாராதான் இருந்துச்சு" என்றாள்.

எனக்குக் காற்றில் மிதப்பது போலிருந்தது.

"ஆனா அப்போ நைனாவுக்கும் உடம்பு முடியல. மழ வேற. நீ இல்லாததாலயா, அதாலயான்னு தெரியல சார். நான் சும்மா சொல்லக்கூடாது. மழ இல்லாதப்போ இன்னொரு தபா லீவு போடு. பாக்கறேன்."

உலகத்தில் எந்தப் பெண்ணும் எந்த ஆணிடமும் இப்படி ஒரு நிபந்தனை வைத்திருக்க மாட்டாள். எந்த ஆணும் ஒப்புக்கொண்டிருக்கவும் மாட்டான். நான் மாசியில் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன். பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம். எனக்குப் பெரியப்பா கிடையாது. ஊருக்குப் போகவும் வழியில்லை. போனால் அம்மா ஏன் வந்தாய் என்று துருவுவாள். ஆகவே காலடிப்பேட்டை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக்கிடந்தேன். வெளியே போனால் யாராவது பார்த்து அவளிடம் சொல்லிவிட்டால் சோதனை கெட்டுவிடும் என்ற கவலை. வீட்டுக்காரர் மஞ்சள் காமாலை என்று முடிவுகட்டி மோரும் கீழாநெல்லியும் கொடுத்தார். குடித்தேன்.

இதற்குள் முதலாளி வந்து பாட்டில்களைப் பார்த்திருந்தார். இந்த முறை மெய்யாகவே வியந்தார். பிறகு, ஒரு பிடி வளையம் செய்ய எவ்வளவு சரக்கு வீணாகிறது என்று கேட்டார். டாக்டர் சொன்னதும் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். மருந்துச் சரக்கை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதே மலிவு. நான் லீவு முடிந்து போனபோது 'ஆராய்ச்சிப் பிரிவு' பலகை இல்லை. ஆணி மட்டும் இருந்தது. டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். என்னை விற்பனைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். இருப்பதைவிடக் கூடுதலாகச் சொல்லத் தெரிந்தவன் என்று யாரோ என்னைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த வேலையில் நான் ஓய்வு பெறும்வரை நன்றாகவே இருந்தேன்.

அவளுக்கு பம்பாயில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. நேர்காணலில் அந்த ஊதா பாட்டிலைப் பற்றிக் கேட்டதற்கு, முதலில் பென்சில் கதையைத்தான் சொன்னாளாம். வேலை கொடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றோம். நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பாத்தேன் சார்" என்றாள். "நீ இல்லாதது தெரிஞ்சிது. சண்ட போட ஆள் இல்ல. டீ குடிக்கிறப்போ ரெண்டு தபா திரும்பி பாத்தேன். அவ்ளோதான். அதுக்கு மேல தேடிப் பாத்தேன், இல்ல."

"எனக்கு அது போதும்" என்றேன். உண்மையில் அதில் பாதி கிடைத்தாலும் போதும் என்றிருந்தேன்.

"எனுக்கு போதாது சார்" என்றாள் மெதுவாக. "உனுக்கும் போதாது. இப்ப தெரியாது."

பஸ் வந்தது. இருவருக்கும் ஒரே பஸ். இப்படிப்பட்ட நேரத்தில் ஆண்பிள்ளை தனியாக நடந்து போவதுதான் கௌரவம் என்று எனக்குத் தோன்றியது. "நீங்க போங்க மிஸ். நான் நடந்து வரேன்" என்றேன்.

"காலடிப்பேட்ட வரிக்கும் நடக்கப் போறியா? லாரி மண்ணு பூரா வாய்ல பூந்துக்கும். ஏறு சார்."

ஏறினேன். பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்தாள். வழி முழுக்க பம்பாயில் மீன் எப்படியிருக்கும், அம்மா அங்கே எந்தப் பாஷையில் பேசுவாள், அப்பாவுக்கு அந்த மழை ஒத்துக்கொள்ளுமா என்று பேசிக்கொண்டே வந்தாள். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். காலடிப்பேட்டையில், முதுகை நிமிர்த்தி, திரும்பிப் பார்க்காமல், ரொம்பக் கம்பீரமாக இறங்கி நடந்தேன்.

"டேய்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தெருவே திரும்பிப் பார்த்தது. நகர்கிற பஸ்ஸின் ஜன்னலில் பாதி உடம்பு வெளியே தெரிய, அவள் என் டிபன் டப்பாவை ஆட்டிக்கொண்டிருந்தாள். "டேய், டப்பாவ உட்டுட்டு போறியே!"

ஓடினேன். கையில் வாங்கும்போது பஸ் வேகம் பிடித்துவிட்டது. மூடி கழன்று, மதியம் நான் சாப்பிடாமல் வைத்திருந்த தயிர்சாதம் என் சட்டை முழுக்கக் கொட்டியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது பஸ் திரும்புகிற வரைக்கும் தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் என்னை 'சார்' போடாமல் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.